மாற்றும் முன் காட்டச் சொல்லுங்கள்

கார் வைத்திருப்பவர்களில் பலர் ஷாக் அப்சார்பரைச் சொகுசு சம்பந்தப்பட்ட பாகமாகவே பார்க்கிறார்கள். வண்டி கொஞ்சம் குலுங்குகிறது, அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். பிரேக், டயர், ஸ்டீயரிங் ஆகியவற்றோடு சேர்த்து எண்ண வேண்டிய பாதுகாப்புப் பாகம் அது. இன்னொரு பக்கம், முன்சக்கரத்தில் கடகடவென்று சத்தம் கேட்டதும் பட்டறைக்கு ஓடி, பழுதே இல்லாத ஷாக் அப்சார்பர்கள் நான்கையும் மாற்றிக்கொண்டு, பெரிய பில்லோடும் அதே சத்தத்தோடும் வீடு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு நஷ்டத்துக்கும் வேர் ஒன்றுதான். பழுது எங்கே இருக்கிறது என்று யாரும் காட்டவில்லை. நாமும் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை.

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். மேட்டில் ஏறும்போது அமுங்குவதும் பள்ளத்தில் இறங்கும்போது விரிவதும் அதுதான். ஆனால் ஸ்பிரிங் தானாக அடங்காது, மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. எண்ணெய் நிறைந்த குழாய்க்குள் ஒரு பிஸ்டன், அதில் நுண்ணிய துளைகளும் வால்வுகளும். சக்கரம் துள்ளும்போது எண்ணெய் அந்தத் துளைகள் வழியே நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அந்த எதிர்ப்பில் துள்ளலின் ஆற்றல் வெப்பமாக மாறி அடங்குகிறது. மோசமான சாலையில் நெடுந்தூரம் ஓடி வந்த காரின் ஷாக் அப்சார்பர் தொட்டால் சுடும். இடது பக்கத்தது சுட்டு, வலது பக்கத்தது குளிர்ந்தே இருந்தால், குளிர்ந்தது வேலை செய்யவில்லை என்று அனுபவமுள்ள மெக்கானிக்குகள் உடனே சொல்லிவிடுவார்கள்.

வால்வு தேய்ந்து, சீல் கசிந்து, எதிர்ப்புக் குறைந்துவிட்டால் சக்கரம் சாலையை அழுத்திப் பிடிக்காது. ஒவ்வொரு மேட்டிலும் கணநேரம் எழும்பும். எழும்பிய டயருக்குப் பிரேக் பிடித்துப் பயனில்லை. ஏபிஎஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. பிடிப்பு இழந்த சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று கணித்து ஏபிஎஸ் அந்தச் சக்கரத்தின் பிரேக்கைத் தளர்த்திவிடும். கார் நிற்கும் தூரம் கூடிவிடும். மழைநீர் தேங்கிய சாலையில் டயர் சீக்கிரமே மிதக்கத் தொடங்கும். நெடுஞ்சாலையில் பெரிய லாரி கடந்து போகும் காற்றுக்கே வண்டி ஒதுங்கும். இரவில் ஹெட்லைட் வெளிச்சம் மேலும் கீழும் ஆடி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும்.

இதில் எனக்கு மிகவும் கவலை தருவது, பழுது ஒரே நாளில் வருவதில்லை என்பதுதான். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது, ஓட்டுகிறவரின் கையும் காலும் அதற்கேற்பப் பழகிவிடுகின்றன. தனியாக அலுவலகம் போய்வரும்போது தெரியாத குறை, ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானுமாகத் தீபாவளிக்கு ஊருக்குப் போகும் வழியில், 90 கிலோமீட்டர் வேகத்தில் திடீரென்று பிரேக் அடிக்கும்போது வெளிப்படும். சட்டமும் இதை ஓட்டுநரின் பொறுப்பாகவே பார்க்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 190-வது பிரிவின்படி, தெரிந்தோ, சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நிலையிலோ, ஆபத்தான குறையுள்ள வண்டியைச் சாலையில் ஓட்டினால் 1,500 ரூபாய் அபராதம். அந்தக் குறையால் விபத்து நேர்ந்து யாருக்காவது காயமோ பொருள்சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? சில தயாரிப்பாளர்கள் 80,000 கிலோமீட்டர் என்று சொல்வதுண்டு. அதைச் சோதித்துப் பார்க்கவேண்டிய எல்லையாகக் கொள்ளலாம், கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவதற்கான கெடுவாக அல்ல. நம் ஊர்ச் சாலைகளில் சில வண்டிகளுக்கு அதற்கு வெகுமுன்பே போய்விடும், சிலவற்றில் அதைத் தாண்டியும் உழைக்கும். இந்திய சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி வேகத்தடை என்பது 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமுமாக, 25 கிலோமீட்டர் வேகத்தில் நோகாமல் ஏறி இறங்கும்படி இருக்க வேண்டும். நம் தெருக்களில் இருப்பவற்றில் பல ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக எழும்பி நிற்பவை. ஷாக் அப்சார்பரின் ஆயுளை அவைதான் தின்கின்றன.

இனி, வீட்டு வாசலிலேயே நீங்கள் பார்க்கக்கூடியவை. பானெட்டின் ஒரு மூலையை அழுத்திவிட்டால் வண்டி ஒருமுறை எழும்பி நிற்க வேண்டும், இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் போய்விட்டது என்பார்கள். முழுக்கச் செத்துப்போனதை மட்டுமே இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். பாதி தேய்ந்தது இதில் தேறிவிடும். டயர் இதைவிட நம்பகமான சாட்சி. வண்டியை நிறுத்திவிட்டு, ஓடு பரப்பின்மீது உள்ளங்கையை வைத்துச் சுற்றுவாக்கில் மெதுவாகத் தடவிப் பாருங்கள். ஒரு சாண் இடைவெளிக்கு ஒருமுறை பள்ளமும் மேடுமாகக் கைக்குத் தட்டுப்பட்டால், சக்கரம் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது என்று பொருள். ஆனால் வீல் பேலன்ஸ் கெட்டிருந்தாலும், பேரிங் தேய்ந்திருந்தாலும் ஏறக்குறைய இதே தடம் விழக்கூடும் என்பதால் இந்த ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது.

எண்ணெய்க் கசிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏமாற்று அதிகம் நடப்பது அங்கேதான். மெக்கானிக் டார்ச் அடித்து, "பாருங்க சார், ஆயில் லீக்" என்று காட்டுவார். குழாயின் மேற்பகுதியில் மெல்லிய ஈரமும் அதில் ஒட்டிய புழுதியும் தெரியும். அது பெரும்பாலும் பழுதல்ல. பிஸ்டனின் தண்டு ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் சீலை நனைக்கும் எண்ணெயில் ஒரு துளி கூடவே வரத்தான் செய்யும். சந்தேகம் இருந்தால் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, நாலைந்து நாள் வழக்கம்போல் ஓட்டிவிட்டுத் திரும்பப் பாருங்கள். மறுபடியும் எண்ணெய் வழிந்து குழாயின் அடிவரை நனைந்திருந்தால் அது கசிவு, மாற்றித்தான் ஆகவேண்டும். இந்த நாலைந்து நாள் அவகாசத்தைத் தர மறுத்து அவசரப்படுத்துகிறவரிடம் வேலையை ஒப்படைக்காதீர்கள். எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தாலோ தண்டு வளைந்திருந்தாலோ மட்டும் இந்த அவகாசம் பொருந்தாது.

சத்தம் வேறு விஷயம். சின்னச் சின்னக் குழிகளில் கடகடவென்று கேட்பது பெரும்பாலும் லிங்க் ராடு. வேகத்தடையில் இறங்கும்போது டொக்கென்று ஒரு அடி விழுந்தால் லோயர் ஆர்ம் புஷ்ஷையும் பால் ஜாயின்டையும் பார்க்கவேண்டும். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு டங்கென்று விடுபட்டால் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த அமைப்பு) மேல் மவுன்ட்டும் அதன் பேரிங்கும் சந்தேகத்துக்குரியவை. இவற்றின் விலை ஷாக் அப்சார்பர் விலையில் ஒரு சிறு பங்குதான். எனவே வண்டியைத் தூக்கி, ஒவ்வொன்றையும் கையால் ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

மாற்றுவது என்று முடிவானால், முன்பக்கம் இரண்டும் சேர்த்து, அல்லது பின்பக்கம் இரண்டும் சேர்த்து மாற்றவேண்டும். ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். நான்கையும் ஒன்றாக மாற்றியே தீரவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. கழற்றிய பழையதை நிமிர்த்திப் பிடித்து, தண்டை உங்கள் கண்முன் உள்ளே அழுத்தச் சொல்லுங்கள். நல்ல ஷாக் அப்சார்பரில் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே சீரான எதிர்ப்பு இருக்கும், கேஸ் நிரப்பிய வகையானால் கையை எடுத்ததும் தண்டு தானே மேலேறி வரும். போனதில் தண்டு பாதிவழியில் பொசுக்கென்று வழுக்கி இறங்கும். இதைப் பார்த்தபிறகு சந்தேகத்துக்கு இடமில்லை.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. பம்ப் ஸ்டாப்பும் புழுதி உறையும் கிழிந்திருந்தால் அவற்றையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் புதிய சீலும் சீக்கிரம் போய்விடும். தண்டைக் குறடால் இறுக்கிப் பிடித்து நட் முடுக்கக்கூடாது. வழவழப்பான அந்தப் பரப்பில் ஒரு கீறல் விழுந்தால் போதும், சீல் கிழியும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சக்கரங்கள் தரையில் ஊன்றி, வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும். முன்பக்க வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் அவசியம். ஒரு எச்சரிக்கை: முன்பக்க ஸ்ட்ரட்டின் நடு நட்டை, ஸ்பிரிங் கம்ப்ரசர் போட்டு ஸ்பிரிங்கை அடக்காமல் யாரும் கழற்றக்கூடாது. அடக்கிவைத்த விசை முழுவதும் ஒரு நொடியில் விடுபட்டு முகத்திலோ கழுத்திலோ அடித்தால் உயிருக்கே ஆபத்து. வீடியோ பார்த்து வீட்டில் முயற்சி செய்ய நினைப்பவர்கள் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

அடுத்தது பொருளின் தரம். பழைய ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் மாற்றி, சீல் போட்டு, பெயின்ட் அடித்து விற்பது பரவலாக நடக்கிறது. பழையதைப் பழையது என்று சொல்லி விற்றால் வாங்குவதும் விடுவதும் உங்கள் விருப்பம். பழைய உதிரிபாகம் தேடிச் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போகிறவர்கள் தெரிந்தேதான் போகிறார்கள். புதியது என்று சொல்லி விற்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி அது நேர்மையற்ற வணிக நடைமுறை. பெட்டியின் மேல் தயாரித்தவரின் பெயர், முகவரி, தயாரித்த மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். பெட்டியை உங்கள் எதிரில் பிரிக்கச் சொல்லுங்கள், அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் வசூலித்தால் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவில் புகார் செய்யலாம்.

"பில் இல்லாம வாங்கிக்கிட்டா கொறச்சுத் தரேன்" என்ற பேச்சுக்கு இணங்காதீர்கள். பில் தராததையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற நடைமுறை என்றே சொல்கிறது. பில்லில் பாகத்தின் எண், தயாரிப்பாளர் பெயர், கூலி தனியாக, வாரன்டி எத்தனை மாதம் என்பவை இருக்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், பழைய 28 சதவீதக் கணக்கில் யாராவது போட்டால் கேளுங்கள். தயாரித்தவர் யாரென்றே தெரியாத பொருளை விற்று அதனால் தீங்கு நேர்ந்தால், விற்ற கடைக்காரரே பொறுப்பேற்க வேண்டும் என்று 2019 சட்டத்தின் 86-வது பிரிவு சொல்கிறது. பில் இருந்தால்தான் அந்தக் கடையில் வாங்கியது என்பதையே நிரூபிக்க முடியும்.

கார் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கு வெளியே வேலை பார்த்தால் வாரன்டி போய்விடும் என்ற பயமுறுத்தலும் உண்டு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது, உதிரிபாகங்கள் வெளிப்பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுத்ததற்காக. வெளியில் பழுதுபார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக முழு வாரன்டியையும் ரத்து செய்யக்கூடாது, தவறான வேலையால் விளைந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் அந்த ஆணை சொன்னது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது, ஆனாலும் வாடிக்கையாளர் கையில் வைத்திருக்க வேண்டிய வாதம் இது.

கழற்றிய பழைய பாகம் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய காரின் பகுதி, உங்களுக்கே சொந்தம். வாரன்டியில் இலவசமாக மாற்றினால் மட்டும் நிறுவனம் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். வேலை தொடங்கும் முன்பே, "பழசை வண்டியில வெச்சிருங்க" என்று சொல்லிவிடுங்கள். ஜாப் கார்டிலும் எழுதச் சொல்லுங்கள்.

பெரிய பள்ளத்தில் விழுந்து ஸ்ட்ரட் வளைந்துபோனால் அது தேய்மானம் அல்ல, விபத்துச் சேதம். முழுக் காப்பீடு இருந்தால் கோரலாம், சாதாரணத் தேய்மானத்துக்குத்தான் காப்பீடு கிடையாது. அந்த இடத்திலேயே பள்ளத்தையும் சக்கரத்தையும் படம் எடுங்கள், வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். பள்ளத்தைப் பற்றிப் புகார் செய்யவும் வழி உண்டு: தேசிய நெடுஞ்சாலைப் பள்ளத்துக்கு 1033, சென்னை மாநகராட்சித் தெருவுக்கு 1913, மாநில நெடுஞ்சாலைத் துறைச் சாலைக்கு 'நம்ம சாலை' செயலி.

ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் முதலில் பட்டறைக்கு எழுத்தில் கொடுங்கள். இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டி, அவர் கண்டதைக் கையெழுத்தோடு வாங்குங்கள். சரிப்படாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அதற்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணமும் இல்லை. சொந்த வண்டியைத் தானே டாக்ஸியாக ஓட்டிப் பிழைப்பவருக்கும் இந்த உரிமை உண்டு, வணிக வண்டி என்று சொல்லி அவரைத் தள்ளிவிட முடியாது. குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். அதுவரை பில்லையும் பெட்டியையும் பழைய பாகத்தையும் தூக்கிப் போடாதீர்கள்.