கரியும் காற்றும் – 7: ரப்பர் பேண்டு போட்ட 19 வருஷம்

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மாமா மகன் சங்கரன்கோவிலுக்கு வந்திருந்தான். தபசுக் காட்சி பார்த்துவிட்டு, கூட்டத்தில் நெருக்குண்டு ஒருவழியாக வீடு வந்து சேர்ந்து, ராத்திரிச் சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்தோம். “உன் வேலையைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன், ஏதாவது சொல்லேன்” என்றேன். எழுந்து உள்ளே போனவன் துணிக்கடைப் பை ஒன்றோடு வந்தான். பைக்குள் சீட்டுக்கட்டு மாதிரி ரப்பர் பேண்டு போட்ட அட்டைகள். எல்லாம் கேட் பாஸ்.

தென் கடற்கரையில் ஓர் அனல் மின் நிலையத்தில் அவனுக்கு வேலை. நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம். ‘கோல் பிளாண்ட்’ என்று அவர்கள் சொல்கிற பகுதியில், கன்வேயர் பெல்ட்டிலிருந்து கீழே சிந்துகிற கரியை மண்வெட்டியால் வாரி மறுபடி பெல்ட்டில் போட வேண்டும். எட்டு மணி நேரம் இதேதான். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காது மடலின் ஓரத்தில் கறுப்பு தங்கிவிடுகிறது. கோயிலுக்கு வெள்ளை வேட்டி கட்டி வந்த அன்றைக்கும் அது இருந்தது.

அட்டைகளைத் தரையில் பரப்பினேன். மொத்தம் 11. முதல் அட்டையில் மீசை அரும்பாத பையன். கடைசி அட்டையில் காதோரம் நரைத்த ஆள். ஒவ்வொன்றிலும் ஒரு காண்டிராக்டர் பெயர். ஒவ்வொன்றிலும் ‘சேர்ந்த தேதி’ வேறு. டெண்டர் முடிந்து அடுத்த காண்டிராக்டர் வரும்போது பழைய பாஸ் செல்லாது. புதுப் பாஸ் போட வேண்டும். பெல்ட் அதே பெல்ட்தான், மண்வெட்டிகூட அதேதான்.

“வருசா வருசம் நான் புது ஆளுதான் அத்தான். பத்தொம்பது வருசமா புது ஆளு.”

நிலக்கரியை விட்டு உலகம் நகரத்தான் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் ஆறு வாரங்களும் அதைத்தான் எழுதினேன். ஆனால் அந்த நகர்வின் சுமையை யார் தலையில் ஏற்றுவது என்பது வேறு கேள்வி. அமெரிக்காவில் எண்ணெய், ரசாயன, அணுத் தொழிலாளர்களின் சங்கத் தலைவர்களில் ஒருவராக இருந்த டோனி மசோக்கி இந்தக் கேள்வியை எழுப்பியவர்களில் முக்கியமானவர். ஊருக்கு ஆகாத தொழிலை மூடும்போது, அதுவரை அதில் உழைத்தவனைத் தெருவில் விடக்கூடாது என்றார். 2015இல் பாரிஸ் ஒப்பந்தத்தின் முகவுரையிலேயே இந்தக் கருத்து ஏறிவிட்டது. நியாயமான மாற்றம் என்று நாம் சொல்வது இதைத்தான். 2070க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்ஜியமாக்குவோம் என்று 2021இல் கிளாஸ்கோவில் இந்தியா வாக்குக் கொடுத்தது.

2070 எங்கோ தூரத்தில் இருக்கிறதே என்று தோன்றலாம். மூடுவது இங்கே எப்போதோ தொடங்கிவிட்டது. எண்ணூரின் பழைய 450 மெகாவாட் நிலையம் 2017 மார்ச்சோடு நின்றது. 1962இல் மின்சாரம் தரத் தொடங்கிய நெய்வேலி முதல் அனல் மின் நிலையம் 2020 செப்டம்பரில் நின்றது. தூத்துக்குடியில் 210 மெகாவாட் அலகுகள் ஐந்து. முதலாவது ஓடத் தொடங்கியது 1979இல். அதே கடற்கரையில் உடன்குடியில் 660 மெகாவாட் அலகுகள் இரண்டு புதிதாக எழும்புகின்றன என்பதும் உண்மை. பழசு போகும், புதுசு வரும், கொஞ்ச காலத்துக்கு இரண்டும் சேர்ந்தே நடக்கும். இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் ஆட்கள் காணாமல் போகிறார்கள்.

அலகு ஒன்று நின்றால் நிரந்தரத் தொழிலாளிக்கு மாற்றல் உத்தரவு வரும். ஊர் மாற வேண்டும், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மாற வேண்டும், கஷ்டம்தான். ஆனாலும் கையில் ஒரு காகிதம் இருக்கும், சம்பளம் நிற்காது. என் மாமா மகனுக்கு யார் உத்தரவு போடுவார்கள்? டெண்டர் புதுப்பிக்கப்படாது, அவ்வளவுதான். அவனை வேலையை விட்டு யாரும் நீக்கப் போவதில்லை. நீக்குவதற்கு நிலையத்தின் நோட்டில் அவன் பெயர் இருந்தால்தானே?

இந்த இடத்தில் ஊரில் அடிக்கடி காதில் விழும் ஒரு சமாதானத்தைச் சொல்ல வேண்டும். “கரி போனா என்ன, காத்தாடி வந்துட்டுல்லா.” சங்கரன்கோவிலில் மொட்டை மாடி ஏறினால் தூரத்தில் காற்றாலைகள் தெரியும். செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குக் காற்று ஆனி, ஆடியில் இந்தக் கரிசல் காட்டை ஒரு வழி பண்ணிவிடும். காயப்போட்ட துணி பக்கத்துத் தெருவில் கிடக்கும். தமிழ்நாட்டில் காற்றாலைப் பண்ணை முதலில் எழுந்தது 1986இல், தூத்துக்குடிக்குத் தெற்கே முள்ளக்காட்டில். அனல் மின் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். இன்றைக்கு மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது.

மின்சாரக் கணக்கு சரி. வேலைக் கணக்குத்தான் உதைக்கிறது. காற்றாலை நிற்கிற இடத்துக்குப் போய்ப் பாருங்கள். நடும்போது திருவிழாதான்: கிரேன் வரும், இறக்கையை ஏற்றிக்கொண்டு ரோட்டை அடைத்தபடி நீள லாரி வரும், அஸ்திவாரக் குழிக்கு ஆள் வேண்டும், டீக்கடையில் கல்லா நிறையும். சில மாதம் கழித்து அதே இடத்தில் ஒரு வாட்ச்மேன் இருப்பார். பழுது பார்க்கிற பையன்கள் எப்போதாவது ஜீப்பில் வந்துபோவார்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நட்ட சின்ன ஆலைகளை எடுத்துவிட்டுப் பெரிய ஆலை வைக்க 2024இல் மாநில அரசு தனிக் கொள்கையே கொண்டுவந்தது. நல்ல கொள்கை, குறைந்த இடத்தில் நிறைய மின்சாரம் கிடைக்கும். கூடவே பல ஆலைகள் இருந்த இடத்தில் ஓர் ஆலையும் பல வாட்ச்மேன்கள் இருந்த இடத்தில் ஒரு வாட்ச்மேனும் என்றாகும்.

அனல் மின் நிலையம் அப்படியில்லை. பாரதீப்பிலிருந்தும் விசாகப்பட்டினத்திலிருந்தும் கப்பலில் வரும் கரியை இறக்க ஆள், பெல்ட்டுக்கு ஆள், பாயிலருக்கு ஆள், சாம்பல் அள்ள ஆள். சாம்பலை ஏற்றிப் போகிற லாரிக்காரர், அதை வாங்குகிற செங்கல் சூளைக்காரர், ஷிஃப்ட் விடுகிற நேரத்தை நம்பி வடை போடுகிற அம்மா. காற்று எங்கள் காட்டில் வீசுகிறது என்பதற்காக இவர்கள் வேலை தானாக இங்கே நடந்து வந்துவிடாது.

மாற்றம் என்றால் என்னவென்று இந்த வட்டாரத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. திருவேங்கடம், குருவிகுளம் பக்கத்துக் கிராமங்களில் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்றால்தான் புரியும். தொழிற்சாலை என்று சொல்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள். குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் பெண்களின் வேலை. பல வீடுகளில் அடுப்பு எரிந்தது அந்தக் கூலியில். மெஷின் வந்தது, லைட்டர் வந்தது, கை வேலை சுருங்கிக்கொண்டே போனது. எங்கள் தெருவில் பெட்டி ஒட்டிய பெரியம்மா கடைசியில் நூறு நாள் வேலைக்குப் போனார். இப்படி எத்தனை பெரியம்மாக்கள்? எண்ணி எழுதி வைக்க வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. எந்த ஆபீஸ் நோட்டிலும் அவர்கள் பெயர் ஒழுங்காக ஏறவில்லை. ஏறாத பெயருக்கு நிவாரணம் கேட்டு எந்த வாசலில் போய் நிற்பது?

அதனால்தான் சொல்கிறேன்: நிதி எவ்வளவு, மறுபயிற்சி என்ன, எந்த வருஷம் எந்த அலகு என்பதெல்லாம் பிறகு. முதலில் பட்டியல் எடுங்கள்.

எடுக்க முடியாத பட்டியல் இல்லை இது. தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு: 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவருக்கு நிரந்தரத் தகுதி தர வேண்டும். காண்டிராக்டர் மாறிக்கொண்டே இருந்தால் அந்த 480 நாளை யாரிடம் பார்த்ததாகக் காட்டுவது என்பதில்தான் வழக்குகள் முட்டி நிற்கும். ஆனாலும் 1990களின் தொடக்கத்தில் மின்வாரியத்தின் ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கணக்கெடுக்க நீதிபதி காலித் தலைமையில் ஓர் ஆணையம் அமைந்தது. 18,000 பேர் அளவில் அடையாளம் கண்டது. எண்ண வேண்டும் என்று முடிவெடுத்தால் எண்ண முடியும் என்று இதே மாநிலம் ஒரு தடவை காட்டியிருக்கிறது.

எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் கோமாட்டி இருக்கிறது. 2022 அக்டோபரில் அங்கே அனல் மின் நிலையம் நின்றது. உலக வங்கியின் பணமும் வந்தது. நிரந்தர ஊழியர்களுக்கு வேறு நிலையங்களில் இடம் கிடைத்தது. காண்டிராக்ட் ஆட்கள் வெளியே நின்றார்கள். ஸ்பெயினில் வேறு மாதிரி செய்தார்கள். 2020இல் அரசும் தொழிற்சங்கங்களும் மின் நிறுவனங்களும் ஒப்பந்தம் போட்டு, மூடப்படும் நிலையங்களின் தொழிலாளர்களுக்கு வேலைப் பதிவேடு ஏற்படுத்தினார்கள். துணை ஒப்பந்ததாரர்களின் ஆட்களும் அந்தப் பதிவேட்டில் இருந்தார்கள். அங்கே வருகிற புதிய வேலைகளுக்கு முதலில் அந்தப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு.

நம்மிடம் அதற்கு ஒரு கருவி ஏற்கெனவே இருக்கிறது. மாமா மகனின் 11 அட்டைகளிலும் பாஸ் எண் வேறு, காண்டிராக்டர் வேறு. 2014க்குப் பிறகு மாறாதது ஒன்றே ஒன்று: வருங்கால வைப்பு நிதிக்கான 12 இலக்க யு.ஏ.என். எண். எத்தனை காண்டிராக்டர் மாறினாலும் அது அவன் கூடவே வருகிறது. எந்த மாதம் எந்த நிறுவனம் அவனுக்குப் பணம் கட்டியது என்பது அதில் பதிவாகியிருக்கிறது. ஒவ்வோர் அனல் மின் நிலையத்தின் ஒப்பந்ததாரர்களிடமிருந்தும் அந்த எண்களை வாங்கிக் கோத்தாலே பாதிப் பட்டியல் தயார். மீதிப் பாதி, பி.எஃப். பிடிக்கப்படாதவர்கள், லாரிக்காரர், வடை போடுகிற அம்மா. அதற்கு ஆள் நேரில் போய் எழுத வேண்டும். போகட்டும். ஓட்டுக்காக வீடு வீடாகப் போகிறோமே.

கங்கைகொண்டானில் சோலார் தகடு செய்கிறார்கள், தூத்துக்குடியில் மின்சாரக் காருக்கு ஆலை வந்துவிட்டது. அங்கே எடுப்பதெல்லாம் பெரும்பாலும் இளவட்டங்களை. “நாப்பது வயசுக்காரனை எவன் அத்தான் எடுக்கான்?” என்று கேட்டான். அவனுக்கான இடத்தை அரசு கேட்டு வாங்கித் தர வேண்டுமென்றால், அவன் இருக்கிறான் என்பது முதலில் அரசுக்குத் தெரிய வேண்டும்.

விடிகாலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பையை என்னிடமே கொடுத்தான். “ஜெராக்ஸ் எடுத்து வச்சிருங்க அத்தான். அங்க ரூம்ல மழைக்கு நனைஞ்சிருது.”

கடை திறந்ததும் கொண்டுபோனேன். முன்னும் பின்னுமாக 22 பக்கம். அட்டைகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் கவிழ்த்துக்கொண்டே வந்த பையன், பாதியில் நிறுத்தி இரண்டு போட்டோவைச் சேர்த்து வைத்துப் பார்த்தான்.

“அண்ணாச்சி, இது அப்பாவும் மகனுமா?”

(தொடரும்)