நுண்கட்டுப்படுத்திப் பலகையைத் தெரிவுசெய்தல்: ஆர்டுயினோ ஊனோவுக்கு அடுத்த படி

மாணவர்களே, ஆர்டுயினோ ஊனோ ஆர்3 பலகையில் ஒளிகாலும் இருவாயியை ஒளிரச் செய்யவும் உணரியின் பெறுமானத்தை வாசிக்கவும் கற்றுவிட்டீர்கள். அடுத்த பலகையைத் தெரிவுசெய்யும்போது கதி கூடியது எது எனப் பார்ப்பது மட்டும் போதாது. உங்கள் செயற்றிட்டத்தின் தேவையை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னர் அதனைக் கீழுள்ள மூன்று விடயங்களுடன் ஒப்பிடுங்கள்.

1. நினைவகம்
ஊனோவில் செய்நிரலைச் சேமிப்பதற்கு 32 கிலோபைற்று நினைவகம் உண்டு. ஆனால் செய்நிரல் இயங்கும்போது தரவுகளை வைத்திருக்கும் நினைவகம் 2 கிலோபைற்று, அதாவது 2048 பைற்று மாத்திரமே. நிமிடத்துக்கு ஒரு தடவை வெப்பநிலையை அளந்து, ஒவ்வோர் அளவீட்டையும் 2 பைற்றில் 24 மணித்தியாலத்துக்கு வைத்திருப்பதாயின்,
60 × 24 × 2 = 2880 பைற்று தேவை.
இது ஊனோவில் அடங்காது. 2021 இல் வெளிவந்த ராஸ்பெரி பை பிக்கோவில் இந்நினைவகம் 264 கிலோபைற்று. எனவே இலகுவாக அடங்கும்.

2. தொடர்பாடல்
ஊனோ ஆர்3 இலும் முதலாவது பிக்கோவிலும் வைஃபை இல்லை. ஈஎஸ்பி32 இல் வைஃபை, புளூடூத் ஆகிய இரண்டும் உள்ளன. 2022 இல் வெளிவந்த பிக்கோ டபிள்யூவிலும் வைஃபை உண்டு.

3. வோல்ற்றளவு
ஊனோவின் முனைகள் 5 வோல்ற்றிலும், பிக்கோ, ஈஎஸ்பி32 என்பவற்றின் முனைகள் 3.3 வோல்ற்றிலும் இயங்குகின்றன. தூரத்தை அளக்கும் எச்சி-எஸ்ஆர்04 கழியொலி உணரியை 5 வோல்ற்றில் இயக்கினால், அதன் எக்கோ முனையும் 5 வோல்ற்றைத் தரும். அதனை இப்பலகைகளுடன் நேரடியாக இணைத்தால் பலகை பழுதடையலாம். எனவே 1 கிலோஓம், 2 கிலோஓம் தடையிகளைத் தொடராக இணைத்து, 2 கிலோஓம் தடையிக்குக் குறுக்கேயுள்ள வோல்ற்றளவைப் பலகைக்கு வழங்குக.
5 × 2/3 = 3.3 வோல்ற்று (அண்ணளவாக)

மாதிரி வினா
வீட்டுத்தோட்டத்து மண்ணின் ஈரப்பதனைக் கைத்தொலைபேசியில் பார்ப்பதற்கு ஊனோ ஆர்3, பிக்கோ, ஈஎஸ்பி32 என்பவற்றுள் எது பொருத்தமானது? காரணம் தருக.

விடை
ஈஎஸ்பி32. வைஃபை பலகையிலேயே உள்ளதால் அளவீட்டை நேரடியாக அனுப்பலாம். மற்றைய இரண்டுக்கும் வேறாக ஒரு வைஃபை கூற்றை வாங்கி இணைக்க வேண்டும்.

கவனிக்க: ஈஎஸ்பி32 இன் கதி 240 மெகாஹேர்ட்ஸ், ஊனோவின் கதி 16 மெகாஹேர்ட்ஸ் என்பது உண்மையே. எனினும் மண்ணின் ஈரப்பதன் மெதுவாகவே மாறும். ஆகவே இவ்வினாவுக்குக் கதி ஒரு காரணமாகாது.