தண்ணீர் நின்றபின் குழாய்க்குள் என்ன நடக்கிறது?

2024 செப்டம்பர் முதல் வாரத்தில் திருவனந்தபுரம் நகரம் தண்ணீருக்குத் தவித்தது. நாகர்கோவில் ரயில் பாதையை இரட்டைப் பாதையாக்கும் வேலைக்காக, தண்டவாளத்துக்கு அடியில் போகும் பெரிய குழாய்களை இடம் மாற்றினார்கள். இரண்டே நாளில் முடியும் என்று சொன்ன வேலை இழுத்துக்கொண்டே போனது. 44 வார்டுகளில் விநியோகம் பாதிக்கப்பட்டது. செப்டம்பர் 9 அன்று மாநகராட்சி எல்லைக்குள் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். குழாயில் தண்ணீர் திரும்பியதும் பத்திரிகைகள் அடுத்த செய்திக்குப் போய்விட்டன.

நகரின் வலியசாலை போன்ற பழைய தெருக்காரர்களுக்குக் கேள்வியே அதற்குப் பிறகுதான். இப்படி நாள்கணக்கில் நின்ற குழாயைத் திறந்தால் முதலில் காற்று சீறும். பிறகு செம்மண் நிறத்தில் கொட்டும். கால் மணி நேரத்தில் தெளிந்துவிடும். அந்தத் தெளிந்த தண்ணீரை நம்பிக் குடிக்கலாமா?

இதற்குப் பதில் சொல்ல நகரத்துக்குத் தண்ணீர் அனுப்பும் அருவிக்கரை சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. தெருவுக்கு அடியில் போனால் போதும். ஓட்டை இல்லாத குழாய் எந்த ஊரிலும் கிடையாது. தண்ணீர் அழுத்தத்தோடு ஓடும்வரை ஓட்டை வழியாக உள்ளிருப்பது வெளியே கசியும். அது நஷ்டம்தான், நோய் அல்ல. வால்வை மூடியதும் நிலைமை தலைகீழாகிறது. பள்ளத்து வீடுகளில் யாராவது குழாயைத் திறக்க, உள்ளே மிச்சமிருந்த தண்ணீர் சரிவில் இறங்குகிறது. அது விட்டுப்போன இடத்தில் அழுத்தம் குறைகிறது. வெளியே ஈர மண்ணும் சாக்கடையும் குழாயை அழுத்தியபடி காத்திருக்கின்றன.

இளநீரை ஸ்ட்ராவில் குடிக்கும் குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ராவின் நடுவில் ஒரு கீறல். ஊதினால் கீறல் வழியாக இளநீர் தெறிக்கும், உறிஞ்சினால் அதே கீறல் வழியாகக் காற்று உள்ளே வரும். இப்போது கீறல் இருக்கும் இடத்தை இலையில் கிடக்கும் சாம்பாரில் அமிழ்த்தி, உறிஞ்சச் சொல்லுங்கள்: இளநீரோடு சாம்பாரும் வாய்க்கு வரும். இன்னும் கொஞ்சம் போவோம். ஸ்ட்ரா ஒரு தெரு நீளம். வீட்டுக்கு ஒரு குழந்தை. பள்ளத்து வீட்டுக் குழந்தை பொறுமையிழந்து ஸ்ட்ராவில் மோட்டாரை மாட்டி இழுக்கிறது, மேட்டு வீட்டுக் குழந்தை வாயை எடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டது. கீறல்களோ நூறு. எந்தக் கீறல் வழியாக வந்த சாம்பார் எந்தக் குழந்தைக்குப் போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. குழாய்த் தண்ணீரால் நோய் பரவும்போது ஒரு வீடு படுத்துக்கொள்ள, பக்கத்து வீடு தப்பிக்கும் விநோதம் இப்படித்தான் நேர்கிறது.

அந்தக் கீறல் எங்கே இருக்கும்? பெரும்பாலும் பிரதானக் குழாயில் அல்ல, வீட்டு இணைப்பில். பழைய தெருக்களில் அரை அங்குல ஜிஐ இரும்புக் குழாய் சாக்கடையைக் குறுக்காகக் கடந்துதான் வாசலுக்கு வரும். துரு பிடிக்காமல் இருக்க அதன்மேல் துத்தநாகம் பூசியிருப்பார்கள். பிளம்பர் சாக்கெட் மாட்டுவதற்காக மரை வெட்டும்போது, சரியாக அந்த இடத்தில் துத்தநாகம் சீவப்பட்டுவிடுகிறது. துரு அங்கேதான் தொடங்கும். பல வீடுகளில் அந்த மரை சாக்கடைத் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும்.

தண்ணீர் நாள்கணக்கில் நிற்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் பம்பு மின்வெட்டில் சட்டென்று நின்றால், அழுத்தக் குறைவு ஓர் அலையாகக் குழாய் நெடுக ஓடுகிறது. இரும்புக் குழாயில் அதன் வேகம் நொடிக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர், காற்றில் ஒலி போவதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. பம்பு நின்ற சத்தம் கேட்குமுன் அலை தெருக்கோடியைத் தொட்டிருக்கும். அந்தச் சில நொடிகளில் கீறல்கள் திசை மாறி உறிஞ்சிவிட்டு, பழையபடி கசியத் தொடங்கிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவுமே தெரியாது.

இது ஊகம் அல்ல. கர்நாடகத்தின் ஹூப்ளி-தார்வாடில் சில வார்டுகளுக்கு 24 மணி நேரமும், மற்றவற்றுக்குச் சில நாட்களுக்கு ஒருமுறையும் தண்ணீர் விட்டார்கள். ஆய்வாளர்கள் இரண்டு பகுதிகளின் குழாய்களிலும் மாதிரி எடுத்தார்கள். மலக் கழிவின் அடையாளமான ஈ.கோலை, விட்டு விட்டு வந்த தண்ணீரில் 31.7 சதவீத மாதிரிகளில் இருந்தது. இடைவிடாமல் வந்ததில் 0.7 சதவீதம்தான். 2013இல் வெளியான முடிவு இது. குழாய் திறந்ததும் வரும் முதல் தண்ணீரும், அழுத்தம் குறைந்து ஒழுகும் தண்ணீரும்தான் மோசம் என்று அடுத்த ஆண்டு காட்டினார்கள். ஆனால் ‘24 மணி நேரக் குடிநீர் நோயை ஒழித்துவிடும்’ என்ற விளம்பரத்தையும் அப்படியே விழுங்க வேண்டாம். அதே ஊரில் 2015இல் வெளியான ஆய்வில், குழந்தைகளின் வயிற்றுப்போக்கு ஒட்டுமொத்தமாகப் பெரிதாகக் குறையவில்லை. டைஃபாய்டு குறைந்தது, ஏழை வீடுகளில் ரத்தபேதி குறைந்தது.

   

உறிஞ்சப்பட்டு உள்ளே வரும் அழுக்கை எதிர்க்கத் தண்ணீரோடு கூடவே பயணம் செய்யும் ஒரே ஆள் குளோரின். குழாயின் கடைசி வீட்டிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிச்சமிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 10500. வைரஸ் பயம் இருந்தால் 0.5. இந்த இரண்டாவது எண்ணுக்குப் பின்னால் பெரிய அனுபவம் இருக்கிறது. 1955இல் டெல்லியில் நஜஃப்கர் வடிகால் கழிவு யமுனையில் பின்னோக்கி ஏறி, வஜீராபாத் நீரேற்று நிலையத்துக்குள் புகுந்தது. குளோரினைக் கூட்டினார்கள். டைஃபாய்டு ஏறவில்லை, பாக்டீரியா செத்தது. ஆனால் சுமார் 29,300 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஹெபடைட்டிஸ் ஈ என்று பின்னாளில் அறியப்பட்ட வைரஸ் தப்பிவிட்டது.

அதே பாடத்தை 2024 ஏப்ரலில் எர்ணாகுளம் மாவட்டத்து வேங்ஙூர் கிராமப் பஞ்சாயத்து படித்தது. 200க்கும் மேற்பட்டோருக்கு ஹெபடைட்டிஸ் ஏ. கேரள வாட்டர் அத்தாரிட்டி விநியோகித்த தண்ணீரில் குளோரின் போதவில்லை என்று புகார் எழுந்து விசாரணை நடந்தது. இந்த வைரஸ் உடம்புக்குள் சராசரியாக நான்கு வாரம் பதுங்கியிருக்கும். முதல் நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரும்போது தவறு நடந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். அன்றைய தண்ணீரைச் சோதிக்க ஒரு சொட்டுகூட மிஞ்சாது.

மாநிலத் தலைநகரங்களின் குழாய்த் தண்ணீரைச் சோதித்த முடிவை 2019 நவம்பரில் மத்திய அமைச்சர் ராம்விலாஸ் பாஸ்வான் வெளியிட்டார். மும்பை மாதிரிகள் எல்லாம் தேறின. திருவனந்தபுரம், சென்னை உட்படப் பதின்மூன்று தலைநகரங்களில் ஒரு மாதிரிகூடத் தேறவில்லை. தலைப்புச் செய்தி பரபரப்பாக இருந்தது. ஆனால் ஐஎஸ் 10500இன் பல அளவுகோல்களில் ஒன்றில் சறுக்கினாலும் தோல்விதான். எதில் சறுக்கியது என்பதுதான் வீட்டுக்காரருக்கு முக்கியம். அதைவிட முக்கியம், ஐஎஸ் 10500 குழாய்த் தண்ணீர் தரும் அரசு அமைப்புகளைச் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை என்பது. பாட்டில் தண்ணீர் விற்பவருக்கு உரிமம் கட்டாயம். குழாயில் தருபவருக்கு அந்தத் தரம் வெறும் வழிகாட்டி.

அமெரிக்காவில் 1974 முதல் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதனால் எல்லாம் சரியாகிவிடவில்லை. கென்டக்கி மாநிலத்தின் மார்ட்டின் கவுண்டி என்ற நிலக்கரிப் பகுதியில் சுத்திகரித்த தண்ணீரில் பாதிக்கு மேல் கசிந்தே போனது. 2018 ஜனவரிக் குளிரில் தொட்டி நிரப்புவதற்காக இரவில் விநியோகத்தை நிறுத்தினார்கள். குளோரின் ஆற்றிலுள்ள மக்கிய பொருளோடு சேர்ந்தால் உண்டாகும் டிரைஹாலோமீத்தேன் வரம்பைத் தாண்டியது. ஆனால் மீறல் நடந்ததையும், அத்தண்ணீரைப் பல ஆண்டுகள் குடித்தால் புற்றுநோய் அபாயம் கூடலாம் என்பதையும் தண்ணீர் பில்லோடு எழுதி அனுப்பினார்கள். அந்த ஒன்றை நாமும் கேட்டு வாங்க வேண்டும்.

அதுவரை? முதலில் வரும் கலங்கலைப் பிடிக்கவே கூடாது. தெளிந்ததையும் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். தெளிவு வைரஸைக் காட்டாது. பதிமுகப் பட்டையோ சீரகமோ போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைக் குடிக்கும் கேரளப் பழக்கம் அருமையானது. ஆனால் ஆறட்டும் என்று பச்சைத் தண்ணீரை அதில் கலப்பவர்கள் செய்த காரியத்தையே கெடுக்கிறார்கள். ஆர்ஓ இயந்திரக்காரர்கள் சொல்வதை நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். உப்புத் தண்ணீருக்காக வந்த இயந்திரம் அது. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும் இடங்களில் அதைத் தடைசெய்யச் சொல்லி தேசிய பசுமைத் தீர்ப்பாயமே 2019இல் உத்தரவிட்டது. திருவனந்தபுரத்துக்கு வரும் கரமனை ஆற்றுத் தண்ணீர் உப்புக் குறைந்தது.

வாட்டர் அத்தாரிட்டி பில்லில் இரண்டே எண்கள் அச்சிட்டால் போதும்: அந்தத் தெருவின் கடைசி வீட்டில் மிச்சமிருந்த குளோரின் எவ்வளவு, கடந்த பில்லுக்குப் பிறகு குழாய் எத்தனை மணி நேரம் அழுத்தமில்லாமல் கிடந்தது. முதல் எண்ணுக்குச் சோதனைக் குப்பியில் ஒரு மாத்திரை போட்டு, தண்ணீர் இளஞ்சிவப்பாகிறதா என்று பார்க்க வேண்டும். சில நிமிட வேலை. இரண்டாவதற்குக் குழாயில் ஓர் அழுத்தமானி.