இல்லத்துப் பேழையும் இணைய வழியும்

நூலொன்றை விலைகொடுத்துப் பெற்றோன் அதனைக் கையிற் கொண்டு வேண்டுமிடத்துக்குச் செல்லலாம். இசைத்தட்டும் ஒருவாறு அத்தகையதே. ஆயின், பல்லாண்டுகளாகச் சேர்த்த இசைத்தட்டுக்களும் திரைப்படங்களும் குடும்பத்தாரின் மங்கல நிகழ்ச்சிப் பதிவுகளும் கணினி வட்டொன்றினுள் அடங்கிவிட்ட இக்காலத்தில், அவ்வட்டு வீட்டிலேயே இருக்க, கடல் கடந்த ஊரிலிருந்து அதிலுள்ளவற்றைக் காணவும் கேட்கவும் இயலுமோ என்னும் வினா எழுகின்றது. இயலும் என்பதே விடை. அஃது எவ்வாறு இயல்கின்றது, அதற்குரிய வழி யார் கையில் உள்ளது என்பன ஈண்டு ஆராயற்பாலன.

இம்முயற்சியின் தொடக்கம் சுவையானது. 2002ஆம் ஆண்டில் பிளேக் கிரிக்கோரியன், ஜேசன் கிரிக்கோரியன் என்னும் அமெரிக்க உடன்பிறந்தார் இருவர், தாம் பெரிதும் விரும்பிய சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பேஸ்போல் குழுவின் ஆட்டங்களை வெளியூர்ப் பயணங்களின்போது காணமுடியாது வருந்தினர். வீட்டுத் தொலைக்காட்சிக்கோ அவ்வாட்டங்கள் வந்துகொண்டிருந்தன. அதற்குக் கட்டணமும் செலுத்தியாயிற்று. வீட்டுக்கு வந்ததை வீட்டிலிருந்து தமக்கு அனுப்பினால் என்ன என்று அவர்கள் எண்ணியதன் விளைவே 2005ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த ஸ்லிங்பொக்ஸ் என்னும் கருவி. இடம்பெயர்த்துக் காணும் இம்முறை பின்னர் வட்டில் சேமித்த தொகுப்புக்களுக்கும் உரியதாயிற்று. பிளெக்ஸ், எம்பி, ஜெலிஃபின் முதலிய மென்பொருள்கள் வீட்டுக் கணினியொன்றை வழங்கியாக்கி, தொகுப்பைப் பெயரும் படமும் இட்டு ஒழுங்குபடுத்தி, கேட்பவருக்குக் கேட்டதை அனுப்புகின்றன.

படம் முழுவதும் சென்று சேர்ந்த பின்னரே காட்சி தொடங்கும் என்பதன்று. அது சிறுசிறு பொதிகளாகப் பிரிந்து ஓடைபோல் வந்துகொண்டிருக்கும். காண்பவரின் கருவி சில கணங்களுக்கு வேண்டியதை முன்னதாகச் சேர்த்துவைத்துக்கொண்டு காட்டும். ஓடை மெலிந்தால் சேமிப்பு வற்றும், படம் நிற்கும். இங்கேதான் முதல் இடர் தோன்றுகின்றது. புளூ-ரே வட்டிலுள்ள படம் நொடிக்கு 40 மெகாபிட் வரை வேண்டுவது. 2003ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட ஏடிஎஸ்எல் 2 பிளஸ் முறையில், தொலைபேசிக் கம்பி வழியே வீட்டினுள் வரக்கூடிய வேகம் நொடிக்கு 24 மெகாபிட் வரையாக, வெளியே செல்லும் வேகம் ஏறத்தாழ 1 மெகாபிட் அளவிலேயே நின்றது. இல்லத்தார் கொள்வோரேயன்றிக் கொடுப்போர் அல்லர் என அம்முறையை வகுத்தோர் கருதினர் போலும்! ஒளியிழை இணைப்பு இக்குறையைப் பெரிதும் நீக்கியுள்ளதாயினும், அது சென்றடையாத வீடுகளில் இன்றும் படம் தடைப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் வெளிச்செல்லும் வேகமே. காண்பவர் தம் ஊர் இணைப்பைப் பழித்தல் வீண்.

இதற்கு மாற்றாக வழங்கியானது படத்தை உடனுக்குடன் சுருக்கி அனுப்பும். அவ்வேலை கணினியின் செயலிக்குப் பெருஞ்சுமையாதலின், பழைய கணினி ஒருவருக்கு அனுப்பும்போதே திணறுதல் உண்டு. நொடிக்கு 8 மெகாபிட்டாகச் சுருக்கினும் இரண்டு மணிநேரப் படம் 7.2 கிகாபைட் ஆகும். அளவு வரையறுத்த இணைப்பாயின் அது இருபுறமும் கணக்கில் ஏறும். இசையோ எளிது. நொடிக்கு 128 கிலோபிட் வேண்டும் பாட்டு, மேற்கூறிய 1 மெகாபிட் வழியிலும் தடையின்றிச் செல்லும்.

இரண்டாவது இடர் முகவரி பற்றியது. இணையத்தின் பழைய முகவரி முறையில் அமையக்கூடியவை 4,294,967,296 முகவரிகளே. அவற்றுள் உலகப் பொதுக்களஞ்சியத்தில் எஞ்சியிருந்தவை 2011ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆம் நாள் பகிர்ந்து தீர்ந்தன. ஆதலின் ஒரு வீட்டிலுள்ள கருவிகள் யாவும் ரவுட்டர் கொண்ட ஒரே முகவரியின் பின்னே மறைந்து நிற்பன. உள்ளிருந்து வெளியே கேட்டால் விடை வரும். வெளியிலிருந்து வரும் அழைப்போ எக்கருவிக்கு உரியது என ரவுட்டர் அறியாது. வழங்கிக்குரிய வாயில் எண்ணை வீட்டுக்காரர் அதற்குச் சொல்லிவைத்தல் வேண்டும். பிளெக்ஸுக்கு 32400, ஜெலிஃபினுக்கு 8096 என்பன வழக்கமான எண்கள். ஆயின், இணைப்பு வழங்கும் நிறுவனமே பல வீடுகளை ஒரு முகவரியின் பின் நிறுத்தியிருப்பின் இதுவும் பயன்படாது. வீட்டுக் கதவைத் திறந்துவைத்தும் ஒழுங்கைப் படலை பிறர் பூட்டில் இருத்தல் போன்றது அது.

இந்நிலையில் இடைநின்று இருபுறத்தையும் சேர்த்துவைக்கும் நிறுவனத்தின் உதவி இனிதாகத் தோன்றும். அதன் விலையை ஸ்லிங்பொக்ஸின் முடிவு காட்டும். அந்நிறுவனத்தின் வழங்கிகள் 2022ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் நிறுத்தப்பட்டன. பழுதேதுமின்றி வீடுகளில் இருந்த கருவிகள் அவற்றின் துணையின்றி இயங்கமாட்டாது போயின. கருவி வாங்கியவனுடையது, வழி அவனுடையதன்று. பிளெக்ஸ் நிறுவனமும், வீட்டுக்கு வெளியிலிருந்து சொந்தப் படங்களைக் காண்பதற்கு 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 29 முதல் கட்டணச் சந்தா வேண்டும் என அறிவித்தது. நிறுவனமும் செலவு செய்துதானே இடைநிற்கின்றது எனலாம், அஃது உண்மையே. எம்பி தன் மூலநிரலை மறைத்தபோது, அதிலிருந்து 2018ஆம் ஆண்டு டிசம்பரில் கிளைத்த ஜெலிஃபின் இடைநிற்பாரை நாடுவதில்லை. அதனால் வழியமைக்கும் பொறுப்பு முழுவதும் வீட்டுக்காரர் தலைமேலது.

அப்பொறுப்பு சிறிதன்று. உலகுக்குத் திறந்த வாயில் நண்பருக்கும் கள்வருக்கும் ஒன்றே. கடவுச்சொற்களைக் காக்கும் லாஸ்ட்பாஸ் நிறுவனம் 2022இல் பெருங்களவுக்கு உள்ளாயிற்று. அதன் பொறியியலாளர் ஒருவரின் வீட்டுக் கணினியில் இருந்த பிளெக்ஸ் மென்பொருளின் குறையே கள்வருக்கு வழியாயிற்று. அக்குறைக்குரிய திருத்தம் 2020ஆம் ஆண்டு மே மாதமே வெளிவந்திருந்தும் அக்கணினியில் இடப்படவில்லை.

ஆகவே வாயிலை நேரே திறந்துவைப்பதினும், வயர்கார்ட் போன்ற மறைகுறி வழியொன்றை அமைத்து, தமக்குரிய திறவுகோல் உடைய கருவிகளை மட்டும் உள்விடுதல் மேலானது. 2020இல் லினக்ஸ் கருவகத்திலேயே சேர்க்கப்பட்ட இது, திறவுகோல் இல்லாதவரின் அழைப்புக்கு மறுமொழியே தருவதில்லை. படலை பூட்டிய இணைப்பினர் வெளியே சிறு வழங்கியொன்றை வாடகைக்கு எடுத்து, வீட்டுக் கணினியே அதனை அழைத்து நிற்குமாறு செய்யலாம். அதுவும் பிறர் இடமே. ஆயினும் ஒருவர் மறுத்தால் மற்றொருவரிடம் வாடகைக்கு எடுத்து, அதே திறவுகோல்களைக் கொண்டு அதே வழியை மீளவும் அமைக்கலாம். வீட்டில் மின்சாரம் நின்ற வேளைக்கு மட்டும் இவற்றுள் எதனாலும் விடை கிடையாது.