மின்னஞ்சலில் இணைப்பு ஏன் தடைபடுகிறது?

கல்மண்டபத்திலிருந்து கிழக்கே சென்று கடற்கரையை ஒட்டிய சாலையை அடைந்தால், சென்னைத் துறைமுகத்தை நோக்கிச் செல்லும் கன்டெய்னர் லாரிகளைக் காணலாம். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் ஓர் எண் உண்டு. கதவில் முத்திரை உண்டு. உள்ளே இருப்பது இன்னதென்று கூறும் தாள்களும் உண்டு. இவை ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் சரக்கு தடைபட்டு நின்றுவிடும்.

அந்தத் தாள்கள் இன்று பெரும்பாலும் மின்னஞ்சலில்தான் பயணம் செய்கின்றன. இப்பகுதியிலுள்ள கிளியரிங் ஏஜண்ட் அலுவலகம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும் மாலைக்குள் போய்ச் சேராவிட்டால் சரக்கு கப்பலைத் தவறவிடும். அவ்வேளையில் ‘இணைப்பு தடுக்கப்பட்டது’ என்று திரை அறிவித்தால், எழுத்தர் கோப்பின் பெயரை மாற்றி அனுப்பிப் பார்ப்பார். அல்லது தம் சொந்த மின்னஞ்சலை நாடுவார். தடையின் காரணத்தை அறிந்தவருக்கு இக்குறுக்கு வழிகள் தேவைப்படா.

மின்னஞ்சல் வழங்கி, அதாவது கடிதங்களை வாங்கி அனுப்பும் கணினி, ஒவ்வோர் இணைப்பையும் மூன்று கேள்விகள் கேட்கிறது. எவ்வளவு பெரியது? பெயர் என்ன? உள்ளே இருப்பது என்ன? இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

எடை கூடும் விந்தை

மின்னஞ்சலை ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தும் விதிகளை 1982இல் ஜான் போஸ்டல் வகுத்தார். அவ்விதிகளின்படி, ஏழு பிட்டுகளில் அடங்கும் ஆங்கில எழுத்துகளும் எண்களும் குறிகளுமே கடிதத்தில் செல்ல முடியும். படமும் ஒலியும் செல்ல வழியில்லை. நம் தமிழ் எழுத்துக்கும் இடமில்லை. 1992இல் நத்தேனியல் போரன்ஸ்டீன், நெட் ஃபிரீட் ஆகிய இருவரும் இதற்கு ஒரு வழி கண்டனர். எந்தக் கோப்பையும் வெறும் எழுத்துகளாக மாற்றி அனுப்பி, மறுமுனையில் பழையபடி ஆக்கிக்கொள்வதே அவ்வழி.

கோப்பிலுள்ள மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்வோம். பைட் ஒன்றுக்கு 8 பிட் வீதம் மொத்தம் 24 பிட்டுகள். இவற்றை ஆறு ஆறாகப் பிரித்தால் நான்கு கூறுகள் கிடைக்கும். ஆறு பிட்டுகளால் 64 வேறு எண்களைக் குறிக்கலாம். ஆகவே 64 எழுத்துகள் கொண்ட பட்டியலிலிருந்து ஒவ்வொரு கூறுக்கும் ஓர் எழுத்து கிடைக்கிறது. மூன்று பைட்டாக இருந்தது நான்கு எழுத்தாகிவிட்டது. வரி முடிவுக் குறிகளையும் சேர்த்தால் கோப்பு ஏறத்தாழ 37 விழுக்காடு பெருக்கிறது.

கடிதம் முழுமைக்கும் எல்லை 25 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், 20 மெகாபைட் கோப்பு வழியில் 27 மெகாபைட்டுக்கு மேல் வளர்ந்து திரும்பி வந்துவிடும். 18 மெகாபைட் வரைதான் செல்லும். ‘எல்லைக்குள்தானே இருக்கிறது!’ என்று பலர் திகைப்பது இதனால்தான். பரிகாரம் எளிது. அங்குலத்திற்கு 600 புள்ளிகள் என ஸ்கேன் செய்த தாளை 300 புள்ளிகளாக மாற்றினால், நீளத்திலும் அகலத்திலும் பாதியாகி, மொத்தப் புள்ளிகள் கால் பங்காகும். எழுத்தும் தெளிவாகவே இருக்கும்.

பெயரும் பொருளும்

2000ஆம் ஆண்டு மே 4ஆம் நாள், பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ என்ற தலைப்புடைய மின்னஞ்சல் உலகெங்கும் பரவியது. அதன் இணைப்பின் பெயரில் ‘டிஎக்ஸ்டி’ என்ற பின்னொட்டும், அதை அடுத்து ‘விபிஎஸ்’ என்ற இன்னொன்றும் இருந்தன. முன்னது சாதாரண எழுத்துக்கோப்பைக் குறிப்பது. பின்னது கணினியை இயக்கும் கட்டளைக்கோப்பைக் குறிப்பது. விண்டோஸ் வழக்கமாகக் கடைசிப் பின்னொட்டை மறைத்துவிடும். ஆகவே பலர் அதைக் கடிதமென்று நம்பித் திறந்தனர். உடனே அது படக்கோப்புகளை அழித்து, முகவரிப் பட்டியலில் இருந்த அனைவருக்கும் தன் படியை அனுப்பிக்கொண்டது.

‘விபிஎஸ்’, ‘இஎக்ஸ்இ’ போன்ற இயங்கு கோப்புகளைப் பல வழங்கிகள் பெயரைக் கண்டவுடனே தடுப்பதற்கு இத்தகைய அனுபவங்களே காரணம்.

பெயரை மாற்றினால் தப்பிவிடலாமா? கோப்பின் முதல் சில பைட்டுகள் அதன் பிறவிக்குறி போன்றவை. விண்டோஸின் இயங்கு கோப்பு ‘எம்இசட்’ என்ற எழுத்துகளுடன் தொடங்கும். ஜிப் கோப்பு ‘பிகே’ என்று தொடங்கும். இவை முறையே மார்க் ஸ்பிகோவ்ஸ்கி, ஃபில் காட்ஸ் என்ற பொறியாளர்களின் பெயர் முதலெழுத்துகள். பிடிஎஃப் கோப்போ விழுக்காட்டுக் குறியுடன் தன் பெயரையே கூறித் தொடங்குகிறது. பின்னொட்டு ஒன்று கூற, முதல் பைட்டுகள் வேறொன்று கூறினால், சோதிக்கும் மென்பொருள் ஐயம் கொள்கிறது. பெயர் மாற்றம் குற்றமற்ற கோப்பையும் ஐயத்துக்கு உரியதாக்கிவிடும்.

கடவுச்சொல்லிட்டுப் பூட்டிய ஜிப் கோப்பும் பல இடங்களில் தடைபடும். சாவியின்றிப் பூட்டிய பெட்டியைச் சோதிக்க இயலாதல்லவா?

தடையை இனங்காணும் முறை

திரும்பி வந்த கடிதத்தில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். அது 4இல் தொடங்கினால் தடை தற்காலிகமானது, சற்றுப் பொறுத்திருக்கலாம். 5இல் தொடங்கினால் அதே கடிதத்தை மீண்டும் அனுப்பிப் பயனில்லை. 552 என்பது பெரும்பாலும் அளவு மீறலைக் குறிக்கும்.

எண் கிடைக்காவிட்டால், ஆய்வுக்கூடத்தில் நாம் கைக்கொள்ளும் விதியையே பின்பற்றலாம்: ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுக. முதலில் இணைப்பின்றி அனுப்புங்கள். சென்றால் முகவரியில் பிழையில்லை. பிறகு ஒரு சிறிய பிடிஎஃப் கோப்பை அனுப்புங்கள். அதுவும் சென்றால், தடை உங்கள் கோப்பின் அளவிலோ வகையிலோதான். அதே கோப்பைச் சிறிதாக்கியும் செல்லாவிட்டால் வகையே காரணம் எனலாம். மேக்ரோ கட்டளைகள் அடங்கிய கணக்குத்தாளைப் பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பினால் பல சமயம் தடை நீங்கும். மாற்ற இயலாத கோப்பை அலுவலகத்தின் பொதுச் சேமிப்பகத்தில் வைத்து, அதன் இணைய முகவரியை மட்டும் அனுப்பலாம்.

கடிதம் சென்றும் இணைப்பு சேரவில்லையென்றால், பெறுபவரின் வழங்கி அதைத் தனியே பிரித்து நிறுத்தி வைத்திருக்கக்கூடும். அனுப்பிய நேரம், கோப்பின் பெயர், அளவு, பிழை எண் ஆகியவற்றைக் குறித்து அங்குள்ள கணினிப் பொறுப்பாளருக்குத் தெரிவித்தால், அவர் சோதித்து விடுவிப்பார். அதற்கு ஆகும் சில நிமிடங்களுக்குத் தயங்கிக் காவலை ஏய்க்கப் பழகிய அலுவலகத்தில், நச்சுக்கோப்பு நுழைவதும் எளிதாகிவிடும்.