ஏணியில் ஏறும் வயதா இது?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கலிஃபோர்னியா எல்லைக்குப் பக்கத்தில் குவார்ட்ஸைட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நிலையாகக் குடியிருப்பவர்கள் சுமார் 2,400 பேர். கோடையில் வெயில் 45 டிகிரியைச் சர்வ சாதாரணமாகத் தொடும். நவம்பர் பிறந்ததும் ஊரின் கதையே மாறிவிடும். வடக்கே பனி கொட்டத் தொடங்க, மின்னசோட்டா, மொன்டானா, கனடா என எங்கெங்கிருந்தோ மோட்டார்ஹோம்கள் சாரிசாரியாக வந்து இறங்கும். ஜனவரியில் ஊரைச் சுற்றியுள்ள சரளைக்கல் பொட்டல் முழுக்க வண்டிகள்தான்.

பேருந்து அளவில் பளபளக்கும் வண்டிகளும் அங்கே நிற்கும். வீடு ஒன்று சொந்த ஊரில் இருக்க, குளிர்காலத்தைக் கழிக்க வந்தவர்களுடையவை அவை. அவர்களைப் பற்றி இங்கே பேச ஒன்றுமில்லை. பெயின்ட் வெளுத்து, பக்கவாட்டுக் கோடுகள் உரிந்து, 20, 25 வயதைக் கடந்த வண்டிகள் பொட்டலின் ஓரங்களில் நிற்கின்றனவே, அவற்றில் இருப்பவர்களில் பலருக்கு அதுதான் வீடு. திரும்பிப் போக வேறு வாசல் கிடையாது.

இப்படி வண்டியிலேயே வாழ்பவர்களைப் பற்றிய 'நோமேட்லேண்ட்' படம் 2021-ல் சிறந்த படம் உட்பட மூன்று ஆஸ்கர் விருதுகளை வாங்கிய பிறகு, இந்த வாழ்க்கைக்கு ஒரு கவர்ச்சி வந்துவிட்டது. வாடகை இல்லை, வரி இல்லை, நினைத்த இடத்தில் சூரிய உதயம் என்று வீடியோக்களில் பேசுகிறார்கள். அந்தக் கவர்ச்சியில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் முதல் பக்கம் நன்றாகத்தான் வருகிறது.

குவார்ட்ஸைட்டைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் மத்திய அரசின் பொது நிலம். அதில் நீண்டகாலம் தங்குவோருக்கென்றே ஒதுக்கிய பகுதிகள் உண்டு. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதங்களுக்குக் கட்டணம் வெகுகாலமாக 180 டாலர். நம் பணத்தில் 15,000 ரூபாய்க்கு மேல். ஊருக்குத் தெற்கே லா போசா என்ற பகுதியில் குடிநீர்க் குழாய் உண்டு, குப்பை போட இடம் உண்டு, கழிவுநீரைக் கொட்ட டம்ப் ஸ்டேஷன் உண்டு. மின்சாரம் மட்டும் கிடையாது. கூரையில் இரண்டு சோலார் பலகைகள் இருந்தால் விளக்கு, செல்போன், சின்ன மின்விசிறி, தண்ணீர் பம்பு ஓடும். ஏசி ஓடாது. இந்த எல்லைக்கு வெளியே பொது நிலத்தில் இலவசமாகவே தங்கலாம். ஆனால், 14 நாளில் இடத்தைக் காலி செய்ய வேண்டும்.

68 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கணவர் இல்லை. பள்ளிக் கேன்டீனிலோ மளிகைக் கடையிலோ வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவர். ஓய்வூதியம் மாதம் 1,400 டாலர். 2025 கணக்குப்படி அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு 185 டாலர் பிடித்தம். மிச்சம் 1,215. மேற்கு மாநிலங்களின் பெருநகரங்களில் ஒற்றைப் படுக்கையறை வீட்டு வாடகையே பெரும்பாலும் இதைத் தாண்டிவிடும். சேமிப்பைத் துடைத்து எடுத்துப் பத்தாயிரம் டாலருக்கு ஒரு பழைய மோட்டார்ஹோம் வாங்கிவிட்டால், அந்த 1,215 டாலரும் சாப்பாடு, பெட்ரோல், கேஸ், வண்டி இன்ஷூரன்ஸ், போன் என்று போக, கொஞ்சம் கையில் நிற்கும். இத்தனை பழைய வண்டிக்கு வங்கிகள் பெரும்பாலும் கடன் கொடுப்பதில்லை. எனவே, ரொக்கம்தான். அந்த ரொக்கம்தான் அவரது வாழ்நாள் சேமிப்பு.

இதுவரை கணக்கு சரி. நான் கவலைப்படுவது அடுத்த பக்கத்தைப் பற்றி.

அவர் வாங்கக்கூடிய வண்டி, ஒரு லாரியின் அடிச்சட்டத்தின் மேல் கட்டிய சிறிய வீடு. முன்னால் ஓட்டுநர் இருக்கை, அதன் தலைக்கு மேல் முன்பக்கம் துருத்திக்கொண்டு ஒரு படுக்கை. இன்ஜினைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். சரக்கு வேன்களில் ஓடும் அதே இன்ஜின்தான்; எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டுவார். லிட்டருக்கு மூன்று, மூன்றரை கிலோமீட்டர் கொடுத்தால் பெரிது. அதனால், யாரும் ஆசைக்கு ஓட்டுவதில்லை. ஏப்ரல் முடிந்ததும் பாலைவனம் கொதிக்கும். மேடான ஊருக்கு ஏறியே ஆக வேண்டும். 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃப் பக்கத்துக் காடுகளுக்குப் போனால் பிழைக்கலாம். ஏறத்தாழ 400 கிலோமீட்டர், நூறு லிட்டருக்கு மேல் பெட்ரோல். அங்கும் அதே 14 நாள் விதி. கோடை முழுக்க இடம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

உண்மையான ஆபத்து கூரையில் இருக்கிறது. இந்த வண்டிகள் பலவற்றின் சுவருக்குள் இருப்பது மரச்சட்டம். அதன் மேல் மெல்லிய ஃபைபர் தகடோ அலுமினியத் தகடோ ஒட்டியிருப்பார்கள். கூரையில் ரப்பர் விரிப்பு. அந்த விரிப்பில் எத்தனை ஓட்டைகள்! காற்றுப்போக்கி, ஏசி, குளியலறைக்கு மேல் வெளிச்சத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி, ஃபிரிட்ஜின் புகைபோக்கி, ஆன்டெனா. ஒவ்வொன்றையும் சுற்றி, களிம்பு போன்ற சீலன்ட் பூசித் தண்ணீரைத் தடுத்திருக்கிறார்கள். அரிசோனா வெயிலில் அந்தக் களிம்பு காய்ந்து, சுருங்கி, மயிரிழை அளவு வெடிப்பு விடும். ஜூலையில் அங்கே பருவமழை உண்டு. வந்தால் அரை மணி நேரத்தில் ஆறு ஓடும். மயிரிழைக்குள் புகுந்த தண்ணீர் கீழே சொட்டாது. மரச்சட்டத்துக்குள் இறங்கி, ஊறி, ஓசையில்லாமல் அழுகவைக்கும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள், ஓட்டுநர் இருக்கைக்கு மேலே இருக்கும் அந்தப் படுக்கையின் மூலைகளைக் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். கெட்டியாக இருந்தால் பிழைத்தது. விரல் அமுங்கினால், உள்ளே மரம் மக்கிவிட்டது என்று அர்த்தம். சுவர் காகிதம் புதிதாக இருந்தால் இன்னும் சந்தேகப்படுவார்கள். மக்கிய சட்டத்தை மாற்றும் கூலி, பல சமயம் வண்டியின் விலையைத் தாண்டிவிடும்.

ஓட்டு வீட்டுக்காரர் மழைக்கு முன்னால் ஓடு மாற்றுவதைப் போல, ஆண்டுக்கு ஓரிரு முறையாவது கூரையில் ஏறி, பழைய சீலன்ட்டைச் சுரண்டி, புதிது பூச வேண்டும். வண்டியின் பின்பக்கம் இதற்காகவே ஒரு மெல்லிய ஏணி இருக்கும். யார் ஏறுவது? 68 வயதில் ஏறலாம். 74-ல்? முழங்கால் தேய்ந்த பிறகு? ஆள் வைத்துச் செய்தால் கூலி நூற்றுக்கணக்கான டாலர். மாதக் கடைசியில் கையில் நிற்கும் தொகை அதில் பாதிகூட இருக்காது. எனவே, இந்த வருஷம் வேண்டாம் என்று தள்ளிப்போடுவார்கள். அப்படித் தள்ளிப்போட்ட வருஷத்தில்தான் தண்ணீர் உள்ளே இறங்கும்.

டம்ப் ஸ்டேஷன் வேலையையும் சொல்ல வேண்டும். வண்டிக்கு அடியில் இரண்டு தொட்டிகள்: ஒன்று கழிவறைக்கு, மற்றொன்று குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு. கையுறை மாட்டிக்கொண்டு, குத்துக்காலிட்டு, வண்டியின் வயிற்றுப் பக்கம் தலையை நுழைத்து, தடித்த குழாயைத் திருகிப் பூட்டி, முதலில் கழிவறைத் தொட்டியைத் திறக்க வேண்டும். அது வடிந்த பிறகு இன்னொன்றைத் திறந்தால், அந்தச் சோப்புத் தண்ணீர் குழாயை அலசிவிடும். பிறகு குழாயைக் கழற்றி, தூக்கிப் பிடித்து, மிச்சத்தை வடித்து, உள்ளே சொருக வேண்டும். பத்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை இது. இடுப்பு பிடித்துக்கொண்ட ஒருவருக்கு இது எப்படி இருக்கும் என்று எந்த வீடியோவிலும் காட்டுவதில்லை.

டயர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. நின்றே கிடக்கும் வண்டியில் பள்ளங்கள் தேயாமல் டயர் புத்தம்புதிதாகத் தெரியும். ஆறேழு ஆண்டு வெயிலில் ரப்பர் உயிரை விட்டிருக்கும். பின் சக்கரத்தின் உள்டயர் நெடுஞ்சாலையில் வெடித்தால், அதன் கிழிசல் அடித்தளத்தையும் தண்ணீர்க் குழாய்களையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு போகும். ஆறு டயர்களையும் ஒருசேர மாற்றினால் அவருடைய ஒரு மாத வருமானம் போய்விடும்.

வீடு பட்டறைக்குப் போகும் நாள்

வாடகை வீட்டில் கார் கெட்டால் பஸ்ஸில் போகலாம். கூரை ஒழுகினால் காரில் படுக்கலாம். இங்கே இரண்டும் ஒன்று. மெக்கானிக் வண்டியைத் தூக்கி நிறுத்திய அன்று மாலை ஐந்து மணிக்குப் பட்டறையைப் பூட்டுவார். உள்ளே படுக்க விடுவது அவரவர் தயவு. விடாவிட்டால் மோட்டலில் அறை எடுக்க வேண்டும். பொருள் வர ஒரு வாரம் ஆகும் என்றால், ஒரு வார அறை வாடகையிலேயே அந்த மாதப் பணம் கரைந்துவிடும். நாய், பூனை வைத்திருப்பவர்கள் பாடு இன்னும் கஷ்டம்.

முகவரி ஒரு சிக்கல்தான். ஆனால், அதற்கு வழி கண்டுவிட்டார்கள். தெற்கு டகோட்டா மாநிலத்தில், ஒரு தபால் முகவரியைப் பிடித்துக்கொண்டு, ஓர் இரவு தங்கிய ரசீதையும் காட்டினால் ஓட்டுநர் உரிமம் வாங்கலாம். டெக்சஸ், ஃபுளோரிடாவிலும் தபாலை வாங்கி அனுப்பிவைக்கும் சேவைகள் உண்டு. மூன்று மாநிலங்களிலும் மாநில வருமான வரி இல்லை. மருத்துவரை மட்டும் தபாலில் அனுப்ப முடியாது. செலவு குறைவாக இருக்கிறதே என்று பலர் எடுக்கும் தனியார் முதியோர் காப்பீடுகளில் பல, முகவரி இருக்கும் வட்டாரத்து மருத்துவர்களைத்தான் ஏற்கும். முகவரி தெற்கு டகோட்டாவில், மார்வலி அரிசோனாவில் என்றால், அவசர சிகிச்சை தவிர மற்றதற்கு அல்லாட வேண்டியதுதான். குவார்ட்ஸைட்டில் மருத்துவமனை இல்லை. பக்கத்து ஊர்களுக்குத்தான் ஓட வேண்டும். பார்க்கர் 55 கிலோமீட்டர் தூரம்.

கையிருப்பைத் தேற்ற வேலைக்கும் போகிறார்கள். கோடையில் அரசு முகாம்களில் 'கேம்ப் ஹோஸ்ட்' வேலை கிடைக்கும்: வண்டி நிறுத்த இலவச இடம், சில இடங்களில் கொஞ்சம் சம்பளமும் உண்டு, பதிலுக்குக் கழிவறை சுத்தம் செய்து, விறகு அடுப்புச் சாம்பலை அள்ள வேண்டும். அக்டோபரில் வடக்கு டகோட்டா, மின்னசோட்டா எல்லையில் சர்க்கரைக் கிழங்கு (சுகர் பீட்) அறுவடை. நாளுக்கு 12 மணி நேர ஷிஃப்ட், குளிர்காற்று. சில வாரங்களில் நல்ல தொகை சேரும் என்பதால் எழுபது வயதுக்காரர்களும் வரிசையில் நிற்கிறார்கள். அந்தத் தொகைதான் டயராகவும் சீலன்ட்டாகவும் மாறுகிறது.

இந்த வாழ்க்கையை விரும்பி ஏற்றவர்கள், நான்கு சுவருக்குள் தனியே கிடப்பதைவிட மாலையில் நெருப்பு மூட்டி நாலு பேருடன் பேசிச் சிரிப்பது மேல் என்பார்கள். அதுவும் உண்மைதான்.

சாவியைக் கொடுத்த பிறகு?

என் மனதை விட்டு நீங்காத கேள்வி வேறு. கண் மங்கி, கை நடுங்கி, இனி ஓட்ட முடியாது என்று ஆகும் நாளில் இவர்கள் எங்கே போவார்கள்?

எட்டு, ஒன்பது மீட்டர் நீளம், ஐந்து, ஆறு டன் எடை. அமெரிக்காவில் இந்த அளவு வண்டியைப் பெரும்பாலும் எல்லா மாநிலங்களிலும் சாதாரண கார் உரிமத்திலேயே ஓட்டலாம். டெக்சஸில் 79 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் உரிமத்தைப் புதுப்பிக்க நேரில் வர வேண்டும்; 85 வயது முதல் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. மற்றவர்களுக்கு உரிமம் போனால் கார் போகும். இவர்களுக்கு 14 நாள் முடிந்ததும் வீட்டை நகர்த்தும் திறனே போய்விடும். பொது நிலத்தில் நகராத வண்டி விதிமீறல். மோட்டார்ஹோம்களை நிறுத்தி வாழ வாடகைக்கு இடம் தரும் தனியார் ஆர்.வி. பார்க்குக்குப் போகலாமே என்றால், பல பார்க்குகளில் பத்து வயதுக்கு மேற்பட்ட வண்டிகளைச் சேர்ப்பதில்லை. போனில் விசாரிக்கும்போதே வண்டி எந்த வருஷத்து மாடல் என்று கேட்பார்கள். விற்றுவிட்டு வாடகைக்குப் போகலாம் என்றால், பத்தாயிரத்துக்கு வாங்கியது ஆறேழு ஆண்டில் மூன்றாயிரத்துக்குப் போனாலே அதிர்ஷ்டம். இதற்குள் நகரத்து வாடகை இன்னும் ஏறியிருக்கும்.

நானறிந்தவரை இதற்கு நல்ல பதில் ஒன்று டெக்சஸில், லிவிங்ஸ்டன் ஊரில் இருக்கிறது. மோட்டார்ஹோம்வாசிகளே தங்களுக்காகத் தொடங்கிய பராமரிப்பு மையம் அது. தன் சொந்த வண்டியிலேயே தங்கிக்கொள்ளலாம். மூன்று வேளைச் சாப்பாடு, பகலில் கவனித்துக்கொள்ள ஆட்கள், மருத்துவரிடம் அழைத்துப் போக வாகனம். பழகிய கட்டில், பழகிய ஜன்னல் எதையும் விட வேண்டாம். ஓட்டுவதை மட்டும் விட்டால் போதும். கட்டணம், முதியோர் இல்லங்கள் வாங்குவதைவிட மிகக் குறைவு. தன்னார்வலர்களின் உழைப்பும் நன்கொடையும்தான் அதை ஓட்டுகின்றன. இத்தனை பெரிய நாட்டில், இத்தனை ஆயிரம் வண்டிகளுக்கு இப்படி ஓர் இடம் எப்படிப் போதும்?

குவார்ட்ஸைட்டிலேயே இதைச் செய்யலாம். லா போசாவில் குழாய் இருக்கிறது, டம்ப் ஸ்டேஷன் இருக்கிறது, ஏக்கர் ஏக்கராக இடம் இருக்கிறது. ஒரு மூலையில் ஐம்பது வண்டிகளுக்கு மின்சாரம் கொடுத்து, ஏப்ரல் 15-க்குப் பிறகும் தங்க அனுமதி கொடுத்து, ஒரு சமையலறையும் ஒரு செவிலியரும் இருந்தால் தொடங்கிவிடலாம். ஐம்பது ஏசிகள் ஓடும் அளவுக்கு அந்த மின்சாரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஜூனில் முதியவர்களை அங்கே வைக்க முடியாது. கூரை ஏறி சீலன்ட் பூச இரண்டு இளைஞர்களுக்குச் சம்பளம் கொடுக்க, 180 டாலர் கட்டும் ஒவ்வொருவரிடமும் இன்னும் இருபது டாலர் வாங்கினால்கூட மறுக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். பொட்டலில் நிற்கும் அத்தனை பேருக்கும் அந்த ஏணியைத் தெரியும்.