மலத்தில் இரத்தம்: எல்லாம் சூடு அல்ல

பயிர் நோயைப் பற்றியே பேசி வந்த நான் இன்று வயிற்றைப் பற்றிச் சில வார்த்தை சொல்கிறேன்.

மலத்தோடு இரத்தம் போனால் செங்கல்பட்டுப் பக்கத்திலும், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் கடலோரக் குப்பங்களிலும் நாம் என்ன சொல்கிறோம்? "உடம்புச் சூடுதான், ரெண்டு இளநீர் குடிச்சா சரியாப் போயிடும்" என்கிறோம். இல்லாவிட்டால் மூலம் என்கிறோம். பல பேருக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் குடல் அழற்சி நோய் என்று ஒன்று உண்டு. உடம்பின் காவல் சக்தியே குடலைத் தாக்கிப் புண்ணாக்கிவிடும். தொத்து நோய் அல்ல. மேல்நாட்டு நோய் என்று முன்பு சொன்னார்கள். இப்போது நம் நாட்டிலும் பெருகி வருகிறது.

பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அது ஒரு தலைமுறைக்குள் மாறிவிடாது. மாறியது சாப்பாடு. இந்தியா உட்பட 21 நாடுகளில் சுமார் 1,16,000 பேரைப் பத்தாண்டு அளவுக்குக் கவனித்து, 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். பாக்கெட் தீனி, கலர் பானம் போன்ற ஆலைத் தயாரிப்புகளை நாளைக்கு ஐந்து முறையோ அதற்கு மேலோ உண்டவர்களுக்கு, ஒரு முறைக்கும் குறைவாக உண்டவர்களைவிட இந்நோய் ஏறக்குறைய 1.8 மடங்கு வந்தது. அத்தனை பேரிலும் நோய் கண்டவர்கள் 467 பேர்தான், பயந்துவிட வேண்டாம். பாலுக்கோ இறைச்சிக்கோ இப்படித் தொடர்பு தெரியவில்லை.

காரணம் உங்களுக்குச் சுலபமாகப் புரியும். தொழு உரம் போடாத மண்ணில் நுண்ணுயிர் குறைகிறதல்லவா? குடலிலும் நுண்ணுயிர் உண்டு. கீரை, பயறு, கேழ்வரகு இவற்றின் நார்தான் அதற்குத் தீனி. அந்த நாரைப் புளிக்க வைத்து அது தரும் அமிலம் குடலின் உள்தோலுக்கு ஆகாரம். சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காமல் நார் போலவே பெருங்குடலுக்குப் போகிறது. பழைய சோறு இந்நோய்க்கு உதவுமா என்று சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஆய்வு எடுத்துக்கொண்டார்கள். அதற்காக, நோய் வந்தவர் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பழையதை மட்டும் குடிக்கக் கூடாது.

பீடி, சிகரெட் இந்நோயில் 'கிரோன்' என்ற வகையை வரவழைக்கும். வந்ததை முற்றவும் வைக்கும். பிள்ளைகளுக்குச் சாதாரண சளிக்கெல்லாம் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். நல்ல நுண்ணுயிரும் அதில் மடிகிறது.

இரத்தம் போவது, நாலு வாரமாக நிற்காத பேதி, தூக்கத்தில் எழுப்பும் வயிற்றுப்போக்கு, உடம்பு இளைப்பு — இவற்றில் எது இருந்தாலும் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். குடல் காசநோயும் பார்வைக்கு இதே போலத்தான் இருக்கும். ஆனால் வைத்தியம் வேறு. ஒன்றின் மருந்து மற்றதை முற்ற வைத்துவிடும். போகும்போது எத்தனை நாளாக, நாளைக்கு எத்தனை தடவை என்று எழுதிக்கொண்டு, இதுவரை சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.